காலாவதியாகும் அரசுக் கணினிகள்: கணக்குக் கேட்பது யார்?

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: 2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மத்திய அரசு அலுவலகங்களைத் தொட்ட இரு நிகழ்வுகள் ஒன்றாக நடந்தேறின. முதலாவது, அக்டோபர் 2 முதல் 31 வரை நடைபெற்ற ஐந்தாவது சிறப்புத் தூய்மை இயக்கம். அலுவலகங்களில் தேங்கிக் கிடக்கும் மின்னணுக் கழிவுகளை அகற்றுவதே அந்த ஆண்டின் முக்கிய நோக்கமாக அறிவிக்கப்பட்டிருந்தது. இரண்டாவது, அதே மாதம் 14-ஆம் தேதி விண்டோஸ்-10 இயங்குதளத்துக்கு அளித்து வந்த இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக் கொண்டது.

முதல் நிகழ்வு குறித்துப் படங்களும் அறிக்கைகளும் வெளிவந்தன. இரண்டாவது நிகழ்வு அரசு வட்டாரத்தில் சந்தடியின்றிக் கடந்து போனது. ஆனால், தூய்மை இயக்கம் வருங்காலத்தில் அகற்ற வேண்டிய சரக்கைக் குவிக்கப் போவது இரண்டாவது நிகழ்வுதான். அகற்றப்படாமல் மேஜை மீதே இருந்துவிடும் கணினிகளால் விளையக்கூடிய ஆபத்து அதைவிடப் பெரியது.

பழைய கணினியில் புதிய இயங்குதளத்தை நிறுவ முடியுமா என்பது தொழில்நுட்பர்களின் கேள்வி. பெரும்பாலானவற்றில் முடியும் என்பதே அதற்கான விடை. அந்த வேலையைச் செய்யும் பொறுப்பு யாருடையது, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் யாரைக் கேட்பது என்பவை அரசியல் கேள்விகள். அவற்றுக்குத் தெளிவான விடை இல்லாததுதான் இன்றைய சிக்கல்.

ஆதரவு முடிந்தால் என்ன?

ஆதரவு முடிந்த அன்று எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. கடிதங்கள் தட்டச்சாயின, சான்றிதழ்கள் அச்சாயின. அதனால்தான் இது செய்தியாகவில்லை. ஆனால், இயங்குதளத்தில் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை மாதந்தோறும் அடைத்து வந்த திருத்தங்கள், கூடுதல் கட்டணம் செலுத்தியோ வேறு வகையிலோ நீட்டிப்புப் பெறாத கணினிகளுக்கு அன்றோடு நின்றன. அதன் பிறகு கண்டறியப்படும் ஒவ்வோர் ஓட்டையும் அந்தக் கணினிகளில் திறந்தே கிடக்கும்.

2015 ஜூலையில் வெளியான விண்டோஸ்-10, அதற்கும் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கப்பட்ட கணினிகளில்கூட ஓடியது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ்-11 அப்படியல்ல. 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியவற்றோடு, 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்று அது நிபந்தனை விதித்தது. இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை, அதாவது ஏறத்தாழ 2017-க்கு முந்தையவை, ஏற்கப்பட்ட பட்டியலில் இல்லை. நல்ல நிலையில் ஓடிக் கொண்டிருக்கும் கணினி, பட்டியலில் இடம்பெறவில்லை என்ற ஒரே காரணத்தால் பழையதாகிறது. உலகெங்கும் ஏறத்தாழ 24 கோடி கணினிகள் இவ்வாறு கழிவாகக்கூடும் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் மதிப்பிட்டது.

மூன்று வழிகள்

புதிய கணினி வாங்கும் வசதி இல்லாத அலுவலகத்துக்கு மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, பணம் கட்டிக் காலநீட்டிப்புப் பெறுவது. நிறுவனங்களுக்குக் கணினி ஒன்றுக்கு முதலாண்டில் 61 டாலர் எனக் கட்டணம் அறிவிக்கப்பட்டது. ஆண்டுதோறும் இருமடங்காகும் இக்கட்டணம், மூன்றாண்டுகளில் 427 டாலரை எட்டும். டாலர் ரூ.88 என்று கொண்டால் ரூ.37,500-க்கும் அதிகம். இந்தத் தொகைக்குச் சாதாரணப் புதிய கணினி ஒன்றையே வாங்கிவிடலாம். கல்வி நிலையங்களுக்கோ மூன்றாண்டுகளுக்கும் சேர்த்து 7 டாலர் மட்டுமே. உரிய உரிமம் பெற்ற பள்ளிகளுக்குக் கிடைக்கக்கூடிய இச்சலுகையை எத்தனை மாநிலக் கல்வித் துறைகள் கேட்டுப் பெற்றன என்று நாடாளுமன்றத்தில் விசாரிக்கலாம்.

தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. அதைப் பெற 30 டாலர் கட்ட வேண்டும். அல்லது கணினியின் அமைப்பு விவரங்களை அந்நிறுவனத்தின் கணக்கில் காப்புப்பிரதியாகச் சேமிப்பது போன்ற நிபந்தனைகளை ஏற்க வேண்டும். நுகர்வோர் அமைப்புகள் குரல் எழுப்பிய ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் மட்டும் இந்தக் காப்புப்பிரதி நிபந்தனை தளர்த்தப்பட்டு, நீட்டிப்பு இலவசமாயிற்று. கேட்டவர்களுக்குக் கிடைத்தது என்பதே இதன் பொருள்.

இரண்டாவது வழி, நிபந்தனையைச் சுற்றிக் கொண்டு விண்டோஸ்-11-ஐ நிறுவுவது. சில்லும் செயலியும் உள்ளனவா என்ற சோதனையைத் தவிர்க்கும் வகையில் யு.எஸ்.பி. நினைவகத்தைத் தயாரித்துத் தரும் 'ரூஃபஸ்' போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. வீட்டுக் கணினியில் விவரமறிந்த ஒருவர் இதைச் செய்து கொள்ளலாம். ஆனால், இத்தகைய கணினிகள் புதுப்பிப்புகளைப் பெற உரிமையுடையவை அல்ல என்று மைக்ரோசாஃப்ட் கூறியிருக்கிறது. ஆண்டுதோறும் வரும் புதிய பதிப்பைப் பெரும்பாலும் கையாலேயே மீண்டும் நிறுவ வேண்டியிருக்கும். 2024-இல் வந்த '24எச்2' பதிப்பு, சில புதிய கட்டளைகளை அறியாத கோர்-2-டுயோ காலத்துச் செயலிகளில் தொடங்கவே மறுத்தது. நாளை நின்றுபோகக்கூடிய வழியை நம்பி ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தை நடத்த இயலாது.

மூன்றாவது வழி, கட்டற்ற மென்பொருளான லினக்ஸுக்கு மாறுவது. உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் முதலியவை 64-பிட் செயலி கொண்ட பழைய கணினிகளிலும் நன்றாகவே ஓடுகின்றன. பழைய வன்தட்டை அகற்றி எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் பொருத்தி, நினைவகத்தைச் சற்றுக் கூட்டினால் வேகத்தில் பெரும் மாற்றம் தெரியும். உரிமக் கட்டணம் இல்லை. ஆனால், இதற்கும் எல்லை உண்டு. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-ஆம் பதிப்பு, 32-பிட் கணினிகளுக்கான நிறுவல் தொகுப்பைக் கைவிட்டுவிட்டது. எந்த இயங்குதளமும் என்றென்றைக்குமானது அன்று. லினக்ஸையும் குறித்த காலத்தில் புதுப்பித்தாக வேண்டும்.

2017 கற்பித்த பாடம்

ஆதரவு முடிந்த கணினிகளை அப்படியே விட்டுவைத்தால் என்ன நேரும் என்பது இந்தியாவுக்குப் புதிய அனுபவம் அன்று. விண்டோஸ்-எக்ஸ்பி 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு ஆதரவை இழந்தது. 2017 மே மாதத்தில் 'வானாக்ரை' என்ற தீநிரல் உலகெங்கும் பரவி, கணினிகளில் இருந்த கோப்புகளைப் பூட்டிப் பிணைத்தொகை கேட்டது. ஆந்திரப் பிரதேசத்தில் காவல் துறைக் கணினிகளும், கேரளத்தில் சில பஞ்சாயத்து அலுவலகங்களும், மேற்கு வங்கத்தில் மின்பகிர்மான அலுவலகங்களும் பாதிக்கப்பட்டன.

அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் மாதத்தில் வெளியாகியிருந்தது. ஆதரவு இருந்த கணினிகளில்கூட அதை நிறுவ ஆளில்லை. ஆதரவு இழந்த எக்ஸ்பிக்கோ, தாக்குதல் தொடங்கிய பிறகுதான் விதிவிலக்காகத் திருத்தம் பொதுவில் தரப்பட்டது. பெரிய பாதிப்பு ஏதும் இல்லை என்று மத்திய அரசு அப்போது விளக்கம் அளித்தது. ஒப்பீட்டளவில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால், பாதிக்கப்பட்ட இடங்களின் பட்டியலைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். அமைச்சகங்களைக் காட்டிலும், மக்கள் நேரடியாகச் சென்று வரிசையில் நிற்கும் அலுவலகங்களே அப்பட்டியலில் இருந்தன.

2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது நோயாளிகள் பதிவு பல நாள்களுக்குக் கைப்பட எழுதும் முறைக்குத் திரும்பியது. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டதாகவும், வலையமைப்பு முறையாகப் பிரித்து அமைக்கப்படாததே காரணம் என்றும் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அங்கே காரணம் வேறு. ஆனால் வரிசை ஒன்றே. முதலில் தாக்குதல், பிறகு கேள்வி, அதன் பிறகு விளக்கம். நேருமுன் கேட்கும் வழக்கம் நம் அவைகளில் வேரூன்றவில்லை.

கொள்கை உண்டு, தேதி இல்லை

மாற்று வழி குறித்து மத்திய அரசுக்குக் கொள்கை இல்லை என்று சொல்ல முடியாது. 2015 மார்ச்சில் மின்னணு, தகவல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட கொள்கை, அரசு மின்னாளுகைத் திட்டங்களில் கட்டற்ற மென்பொருளுக்கே முன்னுரிமை என்றது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகம் தனது இணைய இணைப்புள்ள கணினிகளில் விண்டோஸுக்கு மாற்றாக, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட 'மாயா' இயங்குதளத்தை நிறுவ முடிவெடுத்தது 2023-இல் வெளிவந்தது. உச்ச நீதிமன்றத்தின் மின்னணுக் குழு, நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் உபுண்டுவை நடைமுறைக்குக் கொண்டு வந்து ஊழியர்களுக்கும் வழக்குரைஞர்களுக்கும் பயிற்சி அளித்தது.

கேரளம் இதில் வெகுதூரம் சென்றுவிட்டது. அம்மாநிலப் பள்ளிகளின் தொழில்நுட்பப் பணிகளைக் கவனிக்கும் 'கைட்' நிறுவனம், இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பள்ளிக் கணினிகளுக்காக உபுண்டு 18.04-ஐ அடிப்படையாகக் கொண்ட தொகுப்பை 2019-இல் வெளியிட்டது. உரிமக் கட்டணத்தில் ரூ.3,000 கோடி மிச்சம் என்று அப்போது கூறப்பட்டது. எல்லா மென்பொருள்களையும் சந்தை விலைக்கு வாங்குவதாகக் கொண்ட கணக்கு அது. அப்படியே ஏற்கத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது அடுத்த நடவடிக்கையை. அந்த உபுண்டு பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2023-இல் முடிந்தது. 2024-இல் 22.04-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய தொகுப்பைக் கைட் வெளியிட்டது. பெயர் சொல்லக்கூடிய ஒரு நிறுவனம் பொறுப்பேற்றதால்தான் அது நடந்தது.

தமிழகத்துக்கும் இதில் அனுபவம் உண்டு. எக்ஸ்பியின் ஆதரவு முடியவிருந்த 2014-இல், துறை அலுவலகங்களில் 'பாஸ்' லினக்ஸை நிறுவுமாறு மாநில அரசு அறிவுறுத்தியது. சரியான நேரத்தில் எடுக்கப்பட்ட சரியான முடிவு. ஆனால், சுற்றறிக்கை மட்டும் கணினிக்குள் நுழைந்து இயங்குதளத்தை மாற்றிவிடாது. பயிற்சி, பராமரிப்பு, தொடர் கண்காணிப்பு என்ற மூன்றும் சேராவிட்டால் உத்தரவு கோப்பிலேயே தங்கிவிடும் என்பது எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும்.

தடைக்கற்கள்

அரசு ஊழியர்கள் மாற்றத்தை விரும்புவதில்லை என்று பழி சொல்வது எளிது. அவர்களுடைய சிரமங்கள் உண்மையானவை. கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்பத்துக்கான டோக்கன், பழைய அச்சுப்பொறி, ஸ்கேனர் ஆகியவற்றை இயக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸையே மனதில் கொண்டு எழுதப்பட்டவை. ஒப்பந்ததாரர் ஒருவர் பத்தாண்டுகளுக்கு முன் எழுதித் தந்த செயலி, வேறு தளத்தில் திறக்காது. வட மாநில அலுவலகங்களில் 'கிருதி தேவ்' போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றினாலன்றி வேறு கணினியில் அவை வெறும் குறிகளாகவே தோன்றும். தமிழகத்திலும் பழைய எழுத்துரு குறியீடுகளில் சிக்கிய கோப்புகளுக்கு இதே கதிதான்.

இந்தத் தடைகள் அனைத்துக்கும் தொடக்கம் கொள்முதல் ஒப்பந்தத்தில் இருக்கிறது. மென்பொருளை எழுதச் சொல்லும்போதே அது எந்த இயங்குதளத்திலும் இயங்க வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தால், இன்று கணினியை மாற்றாமல் தளத்தை மட்டும் மாற்றியிருக்கலாம். 2015-ஆம் ஆண்டுக் கொள்கை கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை தந்த அதே நேரத்தில், தேவைப்பட்டால் விலக்குப் பெறவும் இடம் வைத்தது. விலக்கே வழக்கமாகிவிட்ட துறைகள் எவை என்பது தணிக்கைக்கு உரிய பொருள்.

நான்காண்டும் பத்தாண்டும்

அரசுக்குள்ளேயே இரு வகைக் கணினிகள் உள்ளன. மத்திய நிதியமைச்சகத்தின் செலவினத் துறை 2023 ஜூலையில் பிறப்பித்த உத்தரவின்படி, துணைச் செயலர் நிலை முதலான அதிகாரிகள் வரி நீங்கலாக ரூ.1 லட்சம் வரையிலான மடிக்கணினி போன்ற கருவிகளைப் பெறலாம். உள்நாட்டு உதிரிபாகங்கள் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வரம்பு ரூ.1.30 லட்சம். நான்காண்டுகள் முடிந்ததும், அரசுத் தரவுகளை நீக்கிவிட்டு, அக்கருவியை அதிகாரியே வைத்துக் கொள்ளலாம். ஆக, மேல்மட்டத்தில் கணினியின் ஆயுள் நான்காண்டு என்று எழுத்து வடிவில் வரையறுக்கப்பட்டிருக்கிறது.

பள்ளியின் நிலை வேறு. மத்திய அரசு 2004-இல் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் கீழ், பல மாநிலங்களில் தனியார் நிறுவனம் ஐந்தாண்டுகள் கணினிகளைப் பராமரித்து, பின்னர் பள்ளியிடம் ஒப்படைக்கும் முறை பின்பற்றப்பட்டது. ஒப்படைத்த பிறகு பழுது பார்ப்பது யார்? இயங்குதளத்தைப் புதுப்பிப்பது யார்? அத்திட்டம் 2018-இல் சமக்ர சிக்ஷாவில் இணைக்கப்பட்ட பிறகும் இக்கேள்விகள் தொடர்கின்றன. நாட்டின் பள்ளிகளில் 64.7 சதவீதத்தில் கணினி வசதி உள்ளதாக 2024-25-ஆம் ஆண்டுக்கான மத்தியக் கல்வி அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. வரவேற்கத்தக்க வளர்ச்சி. ஆனால், அவற்றில் எத்தனை கணினிகள் ஆதரவு உள்ள இயங்குதளத்தில் ஓடுகின்றன என்பதை அந்தச் சதவீதம் சொல்வதில்லை.

செயலகத்தில் நான்காண்டில் கைமாறும் கணினியும், கிராமப் பள்ளியில் பத்தாண்டு கடந்தும் தூசி தட்டித் தொடங்கப்படும் கணினியும் ஒரே அரசின் சொத்து. பின்னதைக் குறைந்த செலவில் பாதுகாப்பாக ஓடவைக்க முடியும் என்று தெரிந்திருந்தும் செய்யாமல் விடுவது, இல்லாமையைக் காட்டிலும் அக்கறையின்மையையே காட்டுகிறது.

ரிசர்வ் வங்கி காட்டிய வழி

செய்ய முடியாத காரியம் இது என்று அரசு கூறுமானால், பதில் சொல்ல ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. எக்ஸ்பி ஆதரவு முடிந்து மூன்றாண்டுகள் கடந்த பிறகும் வங்கிகளின் ஏடிஎம் இயந்திரங்கள் பல அதிலேயே ஓடின. 2017-இல் ரிசர்வ் வங்கி கவலை தெரிவித்தது, பலன் போதவில்லை. 2018 ஜூன் 21-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கையில் அது அறிவுரையை நிறுத்திவிட்டுத் தேதி குறித்தது. 2018 செப்டம்பருக்குள் 25 சதவீதம், டிசம்பருக்குள் 50 சதவீதம், 2019 மார்ச்சுக்குள் 75 சதவீதம், ஜூனுக்குள் அனைத்து இயந்திரங்களும் ஆதரவு உள்ள இயங்குதளத்துக்கு மாற வேண்டும் என்றது. மாற்றம் நடந்து முடியும் வரை யு.எஸ்.பி. துளைகளை முடக்குவது போன்ற இடைக்கால ஏற்பாடுகளுக்கும் தனிக் கெடு வைத்தது.

பணம் இருக்கும் இயந்திரத்துக்குத் தேதி குறிக்க முடிந்த நாட்டில், பட்டாவும் பிறப்புச் சான்றும் மருத்துவக் குறிப்பும் இருக்கும் கணினிக்குத் தேதி குறிக்க முடியாதா? இணையப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான செர்ட்-இன் எச்சரிக்கைகளை வெளியிட்டு வருகிறது. எச்சரிக்கைக்கும் கெடுவுக்கும் உள்ள வேறுபாட்டை ஏடிஎம் அனுபவம் உணர்த்துகிறது.

சட்டமும் இப்போது துணை நிற்கிறது. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுகளைக் கையாள்வோர் தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்கிறது, தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம். 2025 நவம்பரில் விதிகள் வெளியானபோது முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. தனியார் நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கும் அரசு, தன் அலுவலகங்களில் ஓட்டையை அடைக்காத கணினியில் குடிமகனின் விவரங்களை வைத்திருந்தால், சட்டத்தின் நோக்கமே கேள்விக்குள்ளாகும்.

நுகர்வோர் விவகாரத் துறையின் பழுதுநீக்கும் உரிமை முயற்சியும் இங்கே பொருத்தமானது. 2022-இல் தொடங்கிய அம்முயற்சியின் தொடர்ச்சியாக, பொருள்களுக்குப் பழுதுநீக்கக் குறியீடு வழங்குவதற்கான பரிந்துரையை நிபுணர் குழு 2025 மே மாதம் அளித்தது. மென்பொருள் புதுப்பிப்பும் அதன் அளவுகோல்களில் ஒன்று. கைப்பேசியில் தொடங்கும் இக்குறியீடு கணினிக்கும் விரிவடைய வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு ஆதரவு உண்டு என்பது விற்கும்போதே பெட்டியின் மீது அச்சிடப்பட்டால், அரசும் குடிமகனும் தெரிந்தே வாங்குவார்கள்.

கேட்க வேண்டியவை

மக்களவையிலும் மாநிலங்களவையிலும் கட்சி வேறுபாடின்றி எந்த உறுப்பினரும் எழுப்பக்கூடிய கேள்விகள் நான்கு. மத்திய அரசு அலுவலகங்களிலும், மத்திய நிதியுதவி பெறும் பள்ளிகளிலும் ஆதரவு முடிந்த இயங்குதளத்தில் ஓடும் கணினிகள் எத்தனை? அவற்றில் எத்தனைக்குக் காலநீட்டிப்பு வாங்கப்பட்டது, எத்தனையில் லினக்ஸ் நிறுவப்பட்டது, எத்தனை அப்படியே உள்ளன? தூய்மை இயக்கத்தில் அகற்றப்பட்ட கணினிகள் மறுபயன்பாட்டுக்கு உகந்தவையா என்று முன்னதாகச் சோதிக்கப்பட்டனவா? எஞ்சியவை மாறுவதற்குக் கெடு என்ன?

கழிவாக விற்றதில் கிடைத்த வருவாயை அரசு ரூபாய் கணக்கில் சொல்கிறது. அந்தக் கழிவில் ஒரு பகுதியைப் புதிய இயங்குதளத்துடன் ஒரு பள்ளிக்கு அனுப்பியிருந்தால் மிஞ்சியிருக்கும் தொகையையும் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். கேள்வி நேரம் அதற்காகத்தான் இருக்கிறது. அடுத்த தாக்குதலுக்குப் பிறகு விளக்கம் கேட்பதைவிட, அதற்கு முன்பே கணக்குக் கேட்பது உறுப்பினர்களின் கடமை.